பிரெஞ்சுக்காரன் வளவுக் கிணறு

பிரெஞ்சுக்காரர் எப்போதாவது புங்குடுதீவில் வந்து குடியிருந்தார்களா என்பது கடவுளுக்கும் செல்வரத்தினத்துக்கும் மட்டும்தான் தெரியும். கடவுள் இதுபற்றி வாய் திறக்கவில்லை. செல்வரத்தினம் பாரிசிலிருந்து கிழமைக்கு இரண்டு மூன்று தரம் திறந்துகொண்டிருந்தார்.

அவருடைய தங்கை நிமலினிக்குத்தான் அதையெல்லாம் கேட்க வேண்டியிருந்தது. ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயது அவளுக்கு. கலியாணம் கட்டவில்லை, கட்டாததற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்டதுமில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறாள். ஒருமுறை சொன்னதை இரண்டாம் முறை சொல்ல அவளுக்குப் பிடிக்காது.

விசயம் இதுதான். அவர்களுடைய வீட்டுக்குப் பின்னால், கடலைப் பார்த்த வளவில், கூரையில்லாத பழைய கட்டடம் ஒன்று நின்றது. கடல் முருகைக்கல்லால் கட்டிய நாலு சுவர், ஒரு பெரிய வாசல், நடுமுற்றத்தில் ஒரு கிணறு. யார் கட்டியது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. சிலர் பறங்கி என்றார்கள், சிலர் ஒல்லாந்தர் என்றார்கள். தகப்பன் கதிர்காமு உயிரோடு இருந்தபோது, "எவனோ காசுக்காரன் கட்டினது" என்று முடித்துவிடுவார். ஆடு கட்ட நல்ல நிழலான இடம் என்பதற்கு மேல் யாரும் அந்தச் சுவர்களை மதித்ததில்லை.

ஆனால் கிணற்றை மதித்தார்கள். வீட்டைத் தொட்டு ஓடுகிற ஒடுங்கிய ஒழுங்கையில் மற்றக் கிணறு எல்லாம் உவர். சோறு வடிக்கவும் தேத்தண்ணி வைக்கவும் தண்ணீர் இந்தக் கிணறு ஒன்றில்தான். தண்ணீர் ஏற்றிவருகிற பவுசர் வண்டி வருகிற நாளில் வரும், வராத நாளில் வராது. ஆகையால் ஒழுங்கையிலுள்ள வீடுகள் எல்லாம் காலையில் குடத்தோடு அந்த வாசலுக்குள் நுழையும். கேட்டு வாங்குவது என்ற பேச்சே இல்லை. ஒரே ஒரு நிபந்தனை உண்டு. கிணற்றைச் சுற்றிய கல்மேடையில், கிணற்றுக்கட்டில், செருப்போடு ஏறக்கூடாது. அம்மன் வந்தாலும் சலங்கையோடு ஏறலாம், செருப்போடு ஏற ஏலாது என்பாள் நிமலினியின் தாய்.

தொண்ணூறுகளில் தீவு முழுக்க இடம்பெயர்ந்தபோது அந்தக் கட்டடத்தில் ஒரு ராணுவ முகாம் இருந்தது. பல வருடம் கழித்துத் திரும்பி வந்து பார்த்தால் வீட்டுக்குக் கூரை இல்லை, கதவில்லை, அலுமாரி இல்லை. தாய் அதற்கெல்லாம் அழவில்லை. கிணற்றடிக்குப் போனாள். கட்டு முழுக்கச் சப்பாத்துக் கால்களின் சேறு காய்ந்து பொருக்காகக் கிடந்தது. உள்ளே எட்டிப் பார்த்தாள். தகரப்பேணி, முட்கம்பி, மண்மூடை, கிழிந்த சப்பாத்து என்று கிணறு குப்பைக்கிடங்காகியிருந்தது. அப்போதுதான் அவள் தலையில் கைவைத்துக்கொண்டு நிலத்தில் குந்தியிருந்து அழுதாள்.

ஒழுங்கைப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து அந்தக் கிணற்றை இறைத்தார்கள். நிமலினி கயிற்றைப் பிடித்து உள்ளே இறங்கினாள். முட்கம்பி கிழித்த தழும்பு இன்றும் அவளுடைய முழங்கையில் இருக்கிறது. இறைத்து முடிந்து புதுத் தண்ணீர் ஊறத் தொடங்கியதும், தண்ணீர் இனிக்கவேண்டுமென்று தாய் ஒரு நெல்லிக்கட்டையை அடியில் போடுவித்தாள். சாகும்வரை, பாரிசிலிருந்து மகன் தொலைபேசி எடுக்கிற நேரமெல்லாம், சுகம் விசாரித்து முடிகிறதோ இல்லையோ, "தம்பி, சப்பாத்தோட ஏறிப்போட்டாங்களடா" என்று தொடங்கிவிடுவாள். செல்வரத்தினம் அதை எத்தனையோ நூறு தரம் கேட்டிருப்பார்.

அந்தச் செல்வரத்தினம் இப்போது பாரிசில் ஊர்க்காரர் சேர்ந்து நடத்துகிற ஒன்றியத்தின் தலைவர். ஒரு கலியாண வீட்டில், பக்கத்துக் கதிரையில் இருந்த யாரோ, பழைய காலத்தில் பிரெஞ்சுக் கப்பல்களும் திருகோணமலைப் பக்கம் வந்துபோனவை என்று சொல்லிவிட்டார். சொன்னவர் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். செல்வரத்தினத்துக்கு அன்று நித்திரை வரவில்லை. திருகோணமலைக்கு வந்தவன் புங்குடுதீவுக்கு வரமாட்டானா என்று அடுத்த ஒன்றியக் கூட்டத்தில் கேட்டார். ஒருவருக்கும் மறுமொழி தெரியவில்லை. தெரியாதபடியால் அது தீர்மானமாக நிறைவேறிற்று. ஆட்டுக்கொட்டில் 'ஆதிப் பிரெஞ்சுக் குடியேற்றம்' ஆகியது. அவர் இருக்கும் நகரத்து நகரசபைக்காரர் ஐந்தாறு பேரை அழைத்துவந்து காட்டுவதென்றும் முடிவாயிற்று. பிடித்துக்கொண்டால் ஊருக்கு உதவி வரும், தலைவருக்குப் பேர் வரும்.

திருத்த வேலையைப் பிரதாபனிடம் கொடுத்தார்கள். நல்ல பிள்ளை, நாணயமானவன். ஆனால் அவனுக்குக் கோயில் வேலை மட்டும்தான் தெரியும். தீவில் வெளிநாட்டுக் காசில் எழும்பிய கோயில்களில் பாதி அவன் கை பட்டவை. பழையதைப் புதுப்பிப்பது என்றால் அவனுடைய அகராதியில் சீமெந்து பூசுவது, தரைக்கு மாபிள் பதிப்பது, பளபளவென்று பெயின்ற் அடிப்பது. அதைத்தான் இங்கேயும் செய்தான். முருகைக்கல் முழுவதும் சீமெந்துக்குள் போயிற்று. வெளிமதிலுக்குப் பழக்கதோசத்தில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்துவிட்டான். வாசலில் கறுப்புக் கருங்கல்லில் 'உபயம்' என்று போட்டு, ஒன்றியக்காரரின் பெயர்களைத் தங்க எழுத்தில் வெட்டினான். ஒரு மூலஸ்தானம் மட்டும்தான் குறை.

நிமலினி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சுவர் அண்ணனுடைய ஆசை, பூசிவிட்டுப் போகட்டும் என்று விட்டாள். பிரதாபன் கிணற்றடிக்குச் சீமெந்துக் கலவையோடு வந்த அன்றுதான் எழும்பி வந்தாள்.

"இதில கைவைக்கக்கூடாது."

"அக்கா, கட்டெல்லாம் தேஞ்சு கயிறு அறுத்த பள்ளமாக் கிடக்கு. பூசினால் வடிவா இருக்கும்."

"தேஞ்சது தேஞ்சபடி இருக்கட்டும்."

பிரதாபன் தலையைச் சொறிந்தான். "அதில்லை அக்கா. அண்ணை மூடச் சொன்னவர். கொங்கிறீற் மூடி ஊத்தியாச்சு. வெள்ளைக்காரர் விழுந்திட்டால் ஆர் மறுமொழி சொல்லுறது எண்டு கேக்கிறார்."

அப்போதுதான் நிமலினிக்கு விசயம் விளங்கியது. வேலிக்கரையில் நாலைந்து நாளாகக் காய்ந்துகொண்டிருந்த வட்டக் கொங்கிறீற்றை அவள் ஏதோ மேடைக்கென்று நினைத்திருந்தாள். இரும்பு வளையம் வைத்த, ஆறு பேர் தூக்கவேண்டிய மூடி அது. போய்க் கிணற்றுக்கட்டில் ஏறி இருந்தாள். "மூடுறதெண்டால் என்னையும் உள்ளுக்குப் போட்டு மூடு" என்றாள்.

பிரதாபன் தொலைபேசியில் செல்வரத்தினத்தைப் பிடித்து, முகம் தெரியும்படி அவளுடைய கையில் கொடுத்தான். அண்ணன் குளிர்ச்சட்டையோடு எங்கோ ரயில் நிலையத்தில் நின்றார்.

"என்ன பிள்ளை, விசர் வேலை பாக்கிறாய்?"

"கிணத்தை மூட விடமாட்டன் அண்ணை."

"சும்மா ஒரு கிணறு. குழாய்த் தண்ணி எப்பிடியும் வரத்தானே போகுது?"

"வரட்டும். வந்தாப்பிறகு கதைப்பம்."

"நீ ஒண்டை யோசி. அவ்வளவு பெரிய ஆக்கள் வருகினம். அந்த நேரம் பெண்டுகள் குடத்தோட வரிசையில நிண்டால் என்ன நினைப்பினம்?"

"தண்ணி விடாய் எண்டு நினைப்பினம்."

செல்வரத்தினம் அந்த வளவில் தனக்கும் பங்கு இருக்கிறது என்றார். தான் வந்து நேரில் கதைக்கிறேன் என்றார். தாங்கள் வருகிற அன்று மட்டும் பெண்கள் யாரும் வரக்கூடாது, விடியவே பவுசர் அனுப்ப ஒழுங்கு செய்கிறேன் என்றார். அதற்கு நிமலினி சம்மதித்தாள். ஒரு நாள் பவுசர்த் தண்ணீர் குடித்தால் ஒருவரும் சாகமாட்டார்கள்.

விருந்தினர் வருகிற சனிக்கிழமையும் வந்தது. வாசலுக்குக் குறுக்கே சிவப்பு நாடா கட்டி, இரண்டு பக்கமும் வாழை நட்டிருந்தார்கள். ஒழுங்கைச் சந்தியில் குடங்களை வரிசையாக வைத்துவிட்டுப் பெண்கள் பவுசருக்குக் காத்திருந்தார்கள். வெயில் ஏறியது. பவுசர் வந்ததுதான். தீவுக்குள் நுழைகிற பாலத்தடியிலிருந்து விருந்தினர் வருகிற தெருவில் தூசி எழும்பாமல் இருக்க, கொண்டுவந்த தண்ணீர் முழுவதையும் ரோட்டில் ஊற்றிக்கொண்டு வந்தது. ஒழுங்கைக்கு வந்து சேர்ந்தபோது குழாயில் காற்றுத்தான் வந்தது. சாரதியைக் குறை சொல்ல ஏலாது. அவனுக்குச் சொன்னதை அவன் செய்தான்.

சிவக்கொழுந்து நனைந்த தெருவைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரி, அன்று கிணறு இறைத்தவர்களில் ஒருத்தி, வாய்க்காரி. "ரோட்டுக்குத் தாகம் தீர்ந்துது" என்றாள். "எங்கட உலை எப்ப கொதிக்கிறது? வீட்டில மனிசன் மருந்துக் குளுசை விழுங்கச் சொட்டுத் தண்ணி இல்லை, நிமலி."

நிமலினி வீட்டுக்குள் போனாள். குசினியிலிருந்து மீன் வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு வந்தாள். நேராக வாசலுக்குப் போய், சிவப்பு நாடாவை ஒரே வெட்டில் வெட்டினாள். வாழையைக் கட்டிக்கொண்டு நின்ற பிரதாபன், "அக்கா, அது நகரசபைக்காரர் வெட்ட வேண்டியது!" என்று கத்தினான்.

"அவைக்கு வேற நாடா கட்டிவிடு. உள்ள வாங்கோ எல்லாரும்."

பெண்கள் செருப்புகளை வாசலில் கழற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டு உள்ளே போனார்கள். உலகத்தில் எந்த வரலாற்றுச் சின்னமும் இவ்வளவு கெதியில் திறந்துவைக்கப்பட்டிருக்காது.

விருந்தினரின் வான் வண்டி வந்து நின்றபோது கிணற்றடியில் குடங்களில் பாதிதான் நிரம்பியிருந்தன. முதலில் செல்வரத்தினம் இறங்கினார். கோட்டும் மினுங்குகிற சப்பாத்துமாக வந்தவர் வெட்டின நாடாவைப் பார்த்தார், குடங்களைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். வாய் திறக்க முதல் விருந்தினர் இறங்கிவிட்டார்கள். அவருடைய மகள் தாரிகாவும் இறங்கினாள். பாரிசில் பிறந்த பிள்ளை, மொழிபெயர்க்க வந்தவள். ஓடிவந்து "மாமி" என்று நிமலினியைக் கட்டிப்பிடித்தாள்.

வந்தவர்களில் மதாம் மொனிக் என்று ஒரு நரைத்த பெண்மணி இருந்தார். வரலாறு படிப்பித்து ஓய்வுபெற்றவர். அவர் மதிலருகே போய்ச் சிவப்புப் பட்டையைத் தொட்டுப் பார்த்தார். மாபிள் தரையைப் பார்த்தார். பிறகு தாரிகாவிடம் மெல்ல ஏதோ கேட்டார்.

தாரிகா சங்கடத்தோடு தகப்பனிடம் திரும்பினாள். "அப்பா, பழைய கட்டடம் எங்கை எண்டு கேக்கிறா."

"இதுதான் எண்டு சொல்லு."

சொன்னாள். மதாம் மொனிக் மறுபடியும் சுவரைப் பார்த்தார். அழாத குறை. பிரதாபன் ஒன்றும் விளங்காமல் முன்னே வந்து, "இன்னும் நூறு வருசத்துக்கு ஒரு வெடிப்பு வராதெண்டு சொல்லுங்கோ" என்றான். தாரிகா அதை மொழிபெயர்க்கவில்லை.

அப்போதுதான் மதாம் கிணற்றைக் கண்டார். அந்த இடத்தில் சீமெந்து படாத கல் அது ஒன்றுதான். முகம் மாறியது. விறுவிறுவென்று நடந்து கிணற்றுக்கட்டில் கால் வைக்கப் போனார்.

"செருப்பு" என்றாள் நிமலினி.

"நிமலி! அவை விருந்தாளியள்!" செல்வரத்தினம் குறுக்கே வந்தார்.

"விருந்தாளிக்குத் தேத்தண்ணி குடுப்பன். கிணத்துக்கட்டில சப்பாத்தோட ஏற விடமாட்டன்."

தாரிகா சொன்னதும் மதாம் மாபிளில் குந்தி இருந்து சப்பாத்தைக் கழற்றினார். வெறுங்காலோடு ஏறி, கயிறு அறுத்த பள்ளங்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டு சுற்றி வந்தார். உள்ளே எட்டிப் பார்த்து வெகுநேரம் நின்றார். கிணறு மிகப் பழையதுதான், யார் கட்டினார்கள் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். பிரெஞ்சு என்று சொல்லவும் ஒரு ஆதாரமும் இல்லை என்றார். செல்வரத்தினத்தின் முகம் விழுந்தது. ஆனால் அடுத்ததாக மதாம் சொன்னதைத் தாரிகா தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். இவ்வளவு அருமையான கிணற்றில் தினமும் தண்ணீர் அள்ளினால் கல் தேய்ந்துகொண்டே போகும். உடனே மூடி, வேலி அடைத்துக் காப்பாற்றவேண்டும்.

செல்வரத்தினத்துக்கு உயிர் வந்தது. "பாத்தியே? இப்ப படிச்ச மனிசியே சொல்லுது!"

நிமலினிக்கு இது எதிர்பாராத அடி. அவமதித்து மூட வந்தவனை எதிர்க்கலாம். இந்த மனிசி சப்பாத்தைக் கழற்றிவிட்டு, மரியாதையோடு, அன்போடு மூடச் சொல்கிறாள். மூடி ஒன்றுதான், யார் சொல்லிப் போட்டாலும் அடியில் போகிறது அதே தண்ணீர். பின்னால் சிவக்கொழுந்து வாளியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பிள்ளை தாரிகா, அவவுக்குச் சொல்லு. உவ தடவிப் பாத்த பள்ளமெல்லாம் நாங்களும் எங்கட அம்மாமாரும் தண்ணி அள்ளி அள்ளி விழுந்தது. இனியும் விழும். மூட ஏலாது" என்றாள் நிமலினி.

தாரிகா சொன்னாள். வெகுநேரம் சொன்னாள். கையை ஆட்டினாள், ஒருமுறை நிமலினியின் முழங்கையைப் பிடித்துத் தழும்பைக் காட்டினாள்.

"ஏலாது எண்டதுக்குப் பிரெஞ்சில இவ்வளவு நீளமே?" என்றாள் நிமலினி.

"கொஞ்சம் கூடச் சொல்லிட்டன் மாமி."

மறுமொழி சொல்ல மதாமுக்கு நேரம் கிடைக்கவில்லை. பேசியது செல்வரத்தினம். இத்தனை பேர் முன்னால் தங்கை தன் பேச்சை வெட்டிவிட்டாள் என்ற கோபத்தில் அவருக்குக் கண் தெரியவில்லை. "பிரதாபன்! ஆக்களைக் கூப்பிடு. இப்பவே மூடு!"

பிரதாபனுடைய ஆட்கள் வேலிக்கரையில் நின்றார்கள். எல்லாரும் அந்த ஒழுங்கைக்காரர். குடத்தோடு நின்ற பெண்கள் அவர்களுடைய மனைவிமார், தங்கைமார். ஒருவரும் அசையவில்லை. ஒருவன் பீடியைப் பற்றவைத்தான்.

"சரி, நானே மூடுறன்!" செல்வரத்தினம் போய் மூடியின் இரும்பு வளையத்தைப் பிடித்து இழுத்தார். அது அசையுமா? விட்டுவிட்டு, கிணற்றுக்கயிற்றையாவது அறுத்து எறிகிறேன் என்று கத்திக்கொண்டு கிணற்றடிக்கு வந்தார்.

நிமலினி தடுக்கவில்லை. ஒரு பக்கமாக விலகி நின்றாள்.

"ஏறுங்கோ அண்ணை" என்றாள். "சப்பாத்தோடயே ஏறுங்கோ. முகாமில இருந்தவங்கள் ஏறின மாதிரி ஏறுங்கோ."

செல்வரத்தினத்தின் ஒரு கால் ஏற்கெனவே தூக்கியாயிற்று. அது அப்படியே நின்றது. மினுங்குகிற அந்தச் சப்பாத்தை அவரே குனிந்து பார்த்தார். 'தம்பி, சப்பாத்தோட ஏறிப்போட்டாங்களடா' என்று எத்தனை இரவு, எத்தனை தொலைபேசி அட்டையில் கேட்டிருப்பார். அந்தக் கால் வைக்க இடம் தெரியாமல் கொஞ்ச நேரம் தவித்துவிட்டு, மெதுவாக மாபிள் தரையில் இறங்கியது. அவர் திரும்பி நடந்து வானுக்குள் ஏறிக்கொண்டார்.

நிமலினிக்கு அண்ணனில் இரக்கம் வராமல் இல்லை. வந்தது. வந்ததற்காகக் கிணற்றை விட்டுக்கொடுக்கவில்லை. எல்லாருக்கும் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டாள். ஒரு கோப்பையைத் தாரிகாவிடம் கொடுத்து வானுக்கு அனுப்பினாள். கோப்பை வெறுமையாகத் திரும்பி வந்தது.

விருந்தினர் போனபின் பிரதாபன் வேலிக்கரையில் நின்று, "இந்த மூடியை என்ன அக்கா செய்யிறது? நல்ல வேலைப்பாடு, உடைக்க மனமில்லை" என்று கேட்டான்.

"ஆர் உடைக்கச் சொன்னது? தூக்கிக்கொண்டு வா."

காலையில் அசையாத ஆட்கள் இப்போது அசைந்தார்கள். ஆறு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு மூடியைத் தூக்கி வந்தார்கள். கிணற்றின் மேல் அல்ல, அவள் காட்டிய இடத்தில், கிணற்றுக்குப் பக்கத்தில் இடுப்பளவு அடுக்கிய கற்களின் மேல் மட்டம் பார்த்து வைத்தார்கள். நெடுகாலமாகப் பெண்கள் நிறைகுடத்தை மண்ணில் வைத்துத்தான் இடுப்புக்குத் தூக்கினார்கள். இனிக் குனியத் தேவையில்லை.

சிவக்கொழுந்து வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள். கயிறு பழைய பள்ளத்தில் உரசிக்கொண்டு இறங்கியது. நிமலினி தன் குடத்தை நிரப்பி, ஒன்றியத்தின் காசில் வார்த்த அந்த மூடியின் நடுவில் தூக்கி வைத்தாள்.